வரைபடத்தில் இல்லாத மஞ்சள் கம்பி

லெர்விக் ஏலக் கூடத்தில் நாற்பது பவுண்டு.
கைப்பிடியில் கட்டிய அட்டையில் யாரோ எழுதியிருந்தார்கள்:
"கடைசியாகப் போட்டபோது வேலை செய்தது."
கெட்டுப்போன எதைப் பற்றியும்
அப்படிச் சொல்லலாம்.

பதினெட்டுக் கிலோ. எழுபத்து நான்காம் வருடத்து டிரான்ஸ்ஸீவர்.
மடியில் வைத்தே யெல் தீவுக்குக் கொண்டுவந்தேன்,
நான் எஞ்சின் பார்க்கும் அதே ஃபெரியில்,
அன்று மட்டும் பயணியாக.
டீசல் கோளாறு என்றால் மோந்தே சொல்லிவிடுவேன்.
இதன் மூடியைத் திறந்தால்
கருகிய அரக்கு, யாருடைய சிகரெட்டோ,
அடியில் ஈரம்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள்.
எனக்கு முன் இதைத் திறந்தவனை
அந்த நிமிடமே திட்ட ஆரம்பித்தேன்.

அணைத்த பிறகும் அறுநூறு வோல்ட்
உள்ளே பதுங்கியிருக்கும்.
ஆகவே இடக்கை எப்போதும் பைக்குள்.
வீங்கிய மின்தேக்கிகளைக் கழற்றி எறிந்து
புதியதை வைத்து,
நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி
மெல்லக் கரண்ட் விட்டேன்.
பல்பு பளீரென்று விழித்தது,
பிறகு கண் சொருகியது.
நானும் மூச்சு விட்டேன்.

ரிலேயின் முனைகளுக்கு நடுவே
ஸ்பிரிட்டில் நனைத்த காகிதக் கீற்று.
இழுத்தேன். கறுப்பாக வந்தது.
ஒலிபெருக்கியில் சரளை கொட்டும் சத்தம்.
காது வந்துவிட்டது,
இனி வாய்தான்.

அந்த மஞ்சள் கம்பியை
அப்போதுதான் பார்த்தேன்.
தொழிற்சாலைக் கம்பிகள் எல்லாம் ஒழுங்காக நூல் கட்டிப் போக
இது மட்டும் குறுக்கே, வெட்கமில்லாமல்,
அசிங்கமான ஈயக் குமிழோடு.
வரைபடத்தில் இல்லை.
வெள்ளித்தாள்காரன் வேலைதான் என்று
வெட்டி எடுத்தேன்.

வெளியீட்டு வால்வு இரண்டும் சிவந்தன.
முதலில் மங்கல், பிறகு செம்பருத்தி நிறம்,
அழகுதான்;
பத்து எண்ணுவதற்குள் அணைக்காவிட்டால் சாவு.
புது ஜோடி வாங்கினேன், அறுபது பவுண்டு.
அதுவும் சிவந்தது.
அவனுடைய ஏழு தலைமுறையையும்
என்ஜின் அறைப் பாஷையில் இழுத்தேன்.

மூன்றாம் இரவு. வெளியே காற்று கூரையைப் பிய்க்கிறது.
வரைபடத்தை, நகலின் நகலின் நகலை,
விளக்குக்கு எதிரே பிடித்தேன்.
எப்போதோ யாரோ மடித்து வைத்த மடிப்பில்
ஒரு கோடு தேய்ந்து போயிருந்தது.
கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொண்டுபோகும் கோடு.
விரலால் தொடர்ந்தேன்.
அறுந்துபோன அந்தத் தடத்தைத்தான்
அவன் மஞ்சளால் கட்டியிருந்தான்.

கம்பியைத் திரும்ப வைத்தேன்.
அவனுடைய குமிழைவிட என் குமிழ்
இன்னும் அசிங்கம்.

பிறகு அந்த டக். டக். டக்.
விநாடிக்கு ஒன்று, எந்த அலைவரிசையிலும்.
மூன்று மின்தேக்கி, ஒரு டயோடு, எட்டு மாலைகள் தின்றது.
ஜாக்கி இரவல் கேட்டு வந்த மாக்னி தாமசன்
வாசலில் நின்றபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:
"அட, இது என் ஆட்டு வேலி."
மின்வேலியின் துடிப்பு!
புதன்கிழமை இரவு அரைமணி நேரம் அணைத்துத் தருகிறார்.
முதல் புதனே ஒரு கிடா தப்பி வந்து
என் முட்டைக்கோஸை வேரோடு முடித்தது.
அந்த அரைமணியில்தான் ஃபாரோ தீவிலிருந்து
ஹானுஸ் என்பவர் பதில் சொன்னார்:
ஐந்து, ஒன்பது, கொஞ்சம் வழுக்குகிறீர்கள் ஓஸ்லா,
அங்கேயும் மழையா?
மழை, என்றேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.

மூடியை மூடுமுன் உட்புறத்தில்
பென்சிலால் எழுதினேன்:
மஞ்சள் கம்பியைத் தொடாதே.
அது சரி.

வெள்ளித்தாளை மட்டும்
இன்னும் மன்னிக்கவில்லை.